கிள்ளான் கல்யாண விருந்தில் அரக்கனுக்கு நான் வாதாடிய கதை

எங்கள் குடும்பத்தில் விசேஷம் என்றால் மைக்கை எனக்கு எட்டாத இடத்தில்தான் வைப்பார்கள். போன மாதம் என் மகளின் பிறந்தநாளில்கூட (பெற்றவள் நான், கேக் வாங்கியவளும் நான்) கடைசிவரை என் தம்பி தினேஷ் மைக்கைக் கையை விட்டு இறக்கவில்லை.

எல்லாம் அவனுடைய கல்யாண விருந்தால் வந்த வினை. அவன் காதலித்த ஷாலினியின் அப்பா பந்திங் ஊரில் லோரி வைத்துச் சரக்கு ஏற்றும் தொழில் செய்பவர். இந்தக் கல்யாணம் கூடவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். இவன் ஒருநாள் காலையில் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து பதிவுத் திருமணம் செய்துகொண்டான். அதற்குப் பிறகு அவர் மகளோடு பேசவே இல்லை. ஷாலினி போன் செய்வாள், அவர் எடுக்க மாட்டார். மாதக்கணக்கில் கெஞ்சிக் கூத்தாடி, கிள்ளானில் நாங்கள் வைத்த விருந்துக்கு ஒருவழியாக வரவழைத்தோம். முன்வரிசையில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, தண்ணீரைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

வாழ்த்துரை என் பொறுப்பு.

"காவியத்துல வர்ற ஜோடி மாதிரி நல்லா இருங்கன்னு சொல்லிட்டு எறங்கிடு லா. வேற ஒண்ணும் பேசாத," என்றார் அம்மா.

அவ்வளவுதான் வேலை. அதையாவது ஒழுங்காகச் செய்தேனா? அப்போதுதான் பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை இலக்கிய வகுப்பில் சேர்ந்திருந்தேன். காவியங்களில் நாயகனுக்கும் அரக்கனுக்கும் நடுவில் உள்ள கோடு அடிக்கடி அழிந்துபோகிறது என்று முந்தின வாரம்தான் வாத்தியார் நடத்தியிருந்தார். அதையே கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (அலுவலகத்தில் என்னோடு சாப்பிட உட்காருவதையே நிறுத்திவிட்டார்கள்.)

மைக்கைப் பிடித்தேன். நாயகன் என்று நாம் கொண்டாடுகிறவன் மறைந்து நின்று அடிக்கிறான், கட்டிய மனைவியையே சந்தேகப்படுகிறான் என்றேன். அரக்கனிடம் வீரம் உண்டு, இசை உண்டு, கூடப்பிறந்தவர்கள் மேல் உயிரையே வைத்திருக்கிறான் என்றேன். யாரும் அசையவில்லை. சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன், மடச்சி.

"ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனதைத் தவிர அந்த அரக்கன் வேறு என்ன தப்பு செய்தான்? என் தம்பி தினேஷும் அப்பேர்ப்பட்ட அரக்கன்தான்," என்று முடித்தேன்.

கைதட்டலுக்காகக் காத்திருந்தபோதுதான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்பது எனக்கே உறைத்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். ஷாலினி அழ ஆரம்பித்தாள். அவளுடைய அப்பா எழுந்தார். போச்சு, வாசலைப் பார்த்து நடக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ மேடைக்கு வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"இவ்வளவு நாளா எங்க வீட்டுல எல்லாரும் என்னத்தான் அரக்கன்னு சொல்லிட்டு இருந்தாங்க. இப்ப மாப்பிள்ளையோட சொந்த அக்காவே, அரக்கன் அவர்தான்னு சொல்லிட்டாங்க. எனக்கு ஒரு பாரம் கொறைஞ்சிச்சு," என்றார். பிறகு மகளைப் பார்த்து, "வாம்மா, சாப்பிடலாம்," என்றார்.

மண்டபமே சிரித்தது. ஷாலினி இன்னும் அதிகமாக அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, ஆனால் அதைக் கவனிக்க ஆளில்லை. எல்லோரும் அவருடைய பெருந்தன்மையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். சமாதானம் என் பேச்சால் வந்தது என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை.

இப்போதும் தினேஷோடு சண்டை போட்டுக்கொண்டு ஷாலினி பந்திங்குக்குக் கிளம்பிப் போனால், அன்று சாயங்காலமே அவர் அவளைத் தன் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டுவிடுகிறார். அடுத்த நிமிடம் எனக்குப் போன் வரும்.

"அரக்கன்கிட்டயே திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டேன்மா. காவியத்துல இப்படிச் செய்யிற அப்பன் எந்தப் பக்கம்? நீதான் படிச்ச பொண்ணாச்சே."

வாத்தியாரைக் கேட்டுச் சொல்லலாம் என்றால், அவர் இப்போது என் போனை எடுப்பதில்லை.