கோடி அற்புதர் இடம்பெயராத ஞாயிறு

வாழ்க கென்னத்! கெலாங் பாத்தா அடுக்குவீட்டுக் குலதிலகமே, வெள்ளை மைவிக் கார் ஊரும் வேந்தே, மெழுகும் மென்துணியும் ஏந்திய மெருகுத் தடக்கையனே! நின் அருஞ்சமரைப் பாட எம் நாவுக்கு வலிமை தருவாளாக, பசைக்குழாயில் உறையும் பிசுபிசுத்த பெருமாட்டி!

அவ்வீரனின் தேர்முகப்பில், சக்கரத்துக்கு இடப்புறம், எழுந்தருளியிருந்தார் கோடி அற்புதர் புனித அந்தோனியார். சாண் உயரச் சுரூபம், மாமியார் வினிஃப்ரெட் தந்த திருமணப் பரிசு. தொலைந்ததை மீட்டுத் தரும் அப்புனிதரோ, வேகத்தடை வரும்போதெல்லாம் தாமே தொலைந்து இருக்கைக்கடியில் கிடந்தார். சென்ற மாதம் அதைக் கண்ணால் கண்ட மாமியார் முரசறைந்தார்: “இன்னொரு தடவ அந்தோனியார் விழுந்தாரு, என் மக இந்தக் காடியில ஏறமாட்டா!”

பாவம், நம் வீரனின் பிழை பக்தியில் விளைந்தது. சாமி இருக்கும் இடம் பளபளக்க வேண்டாமா என்று, ஒட்டுமுன் ஒவ்வொரு முறையும் முகப்பை முகம் பார்க்குமளவு வழுவழுப்பாக்கினான். அதுவே விரிசல் என்னும் பகைவனுக்குப் போட்டுக்கொடுத்த ராஜபாட்டை! ஒரே குலுக்கு, பசையின் ஓரத்தில் மயிரிழை விரிசல் கண்விழிக்கும், இடற மேடில்லை, விழப் பள்ளமில்லை, இமைப்பதற்குள் மறுகரை சேரும், புனிதர் கிளம்பிவிடுவார்.

மாமியார் சிம்பாங் ரெங்கத்தில் பேருந்தேறிவிட்ட ஞாயிறு காலை, பூசைக்கு நேரமாகிறதென்று சினந்த ஃபெலிசியா, மீண்டும் மெருகேற்றப் போன கணவன் கையைத் தட்டிவிட்டு, முகப்பில் காய்ந்திருந்த பழைய பசையை வீட்டுச் சாவியால் வறட்டு வறட்டென்று சுரண்டினாள். சுரூபத்தின் அடியைச் சிமெந்துத் தரையில் போட்டுத் தேய்த்தாள்.

“அலமாக்! டேஷ்போர்டெல்லாம் கீறிட்டியே!” என்று அலறினான் கென்னத்.

“கீறல் மேலயே ஒட்டுங்க லா, யாருக்குத் தெரியப் போவுது?” என்றாள் அவள்.

அழாக்குறையாக, அந்த அவமானத்தை மறைக்கவே ஒட்டினான்.

ஜொகூர் பாருவில் மாமியாரைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு தேர் விரைந்தது. கோயில் தெருவில் குறுக்கே படுத்திருந்தது, பொங்கோல் என்று ஊரே ஏசும் அந்தக் கொடிய வேகத்தடை! பின்னால் ஒரு லாரி ஒலியெழுப்பி விரட்ட, தேர் எழுந்தது, மிதந்தது, இடியென இறங்கியது. விழித்தது விரிசல்! பாய்ந்தது! சாவிக்கீறல் ஒன்றில் கால் இடறியது. எழுந்து ஓடி அடுத்த பள்ளத்தில் விழுந்தது. மேட்டில் முட்டி, மூச்சிரைத்து, பாதி வழியிலேயே உயிர்விட்டது. புனிதர் நடுங்கினார், சாய்ந்தார், நிமிர்ந்தார், நின்றார்! மண்ணும் விண்ணும் மலர்மாரி பொழிய, நெஞ்சு நிமிர்ந்த வெற்றிவேந்தன், தன் வாகைமாலையை ஏற்க மாமியாரின் திருமுகத்தைக் கண்ணாடியில் நோக்கினான்.

மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார்.