பொங்கலுக்கு வைத்த ஆப்பிள்

எதையும் நல்ல நாள் பார்த்துத்தான் செய்வேன் என்கிற ஆசாமியின் கையில் எது கிடைத்தாலும் உருப்படாது. நான் அந்த ரகம்.

என் மாமனார் மலேசியாவின் ஈப்போவிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரே மகளை இவ்வளவு தூரம் கூட்டிவந்துவிட்டேன் என்று என்மேல் தீராத கோபம். கல்யாணத்திலிருந்தே நேரடிப் பேச்சு கிடையாது. எதிரில் நான் உட்கார்ந்திருந்தாலும், "உன் வீட்டுக்காரர்கிட்ட உப்பைத் தள்ளச் சொல்லும்மா" என்பார். (உப்பு என் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.)

ஒருநாள் மகளிடம், "ஆப்பிள் ஊருன்றாங்க. மரத்துல பறிச்சு ஒண்ணு தின்னுட்டுப் போனா போதும்லா" என்றார். ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் நான் நட்ட மரம் அந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்திருந்தது. பழைய காலத்து ரகம். அவருடைய விசா ஜனவரியோடு முடிகிறது. மற்ற ஆப்பிள்கள் அதற்குள் பழுக்காது. இது புத்தாண்டுக்கே பழுத்துவிடும். ஆண்டவன் எனக்காகவே படைத்த மரம் என்று நினைத்தேன்.

சொன்னபடி பழுத்தது. "இப்பவே பறிச்சு அப்பாகிட்ட குடுங்க" என்றாள் மனைவி கவிதா.

நான் விடுவேனா? "முதல் காய்ப்பு. பொங்கலன்னைக்கு சாமிக்குப் படைச்சிட்டு, என் கையாலயே கொடுக்கறேன்."

(கடையில் வாங்கும் ஆப்பிள் மாசக்கணக்கில் கெடாமல் இருக்கிறதே!) உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கி சாமி மேடையில் அடுக்கினேன். மாமனார் தினமும் அந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

பொங்கலன்று விருந்தாளிகள் முன்னால் பழத்தை நீட்டினேன். கடித்தார். சத்தமே வரவில்லை. உள்ளே முழுக்க மாவு. சீக்கிரம் பழுக்கிற இந்த ரகம் சில நாளிலேயே மாவாகிவிடும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பொறுமையாக மென்று விழுங்கிவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, உருளைக்கிழங்கு நல்லா வெந்திருக்கு."

வீடே சிரித்தது. எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்பது பிறகுதான் உறைத்தது.

ஊர் திரும்பியபின் போன் செய்தால் என்னைத்தான் முதலில் கேட்பார். "மாப்பிள்ளை, கிழங்கு காய்ச்சிருச்சா?" அடுத்த தடவை பழுத்த அன்றே பறித்துத் தருவதாகச் சத்தியம் செய்தேன். அவருக்கு டிக்கெட்கூடப் போட்டாயிற்று. மரம் பூத்திருந்த சமயத்தில் அவர் கண்ணை மூடிவிட்டார்.

இப்போதெல்லாம் பழுத்த அன்றே மரத்தடியில் நின்று தின்றுவிடுகிறோம். நான் எதையாவது தள்ளிப்போட்டால், இங்கேயே பிறந்த மகள் "அப்பா, பொட்டேட்டோ!" என்று கத்துவாள். எல்லோரும் சிரிப்போம். முதல் பழத்தை நான்தான் கடிக்க வேண்டும் என்பது கவிதாவின் சட்டம். நறுக்கென்று சத்தம் வருகிறது. அந்தச் சத்தத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.