அரத்தால் பொருத்திய கிகாபிட் காட்

கணினிக்குள் போடும் ஒரு பாகத்தை அரத்தால் அராவிப் பொருத்தியவன் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் மாமியார் சொல்லிவிடுவார். அவர் சொல்லும்போது அரம் கோடரியாகிவிடும்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பலில் வரும் சரக்கை லொறிகளில் ஏற்றி அனுப்பும் கந்தோர் ஒன்றில் கணினிக்காரனாகச் சேர்ந்து ஐந்து மாதம் முடிந்திருந்தது. ஆறாம் மாதம் முடிய நிரந்தரக் கடிதம் வரும். கடிதத்தோடு கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு மாற்றமும் வரும். குளிரூட்டிய அறையில், கழுத்துப்பட்டியுடன் நான் உட்கார்ந்திருக்கும் காட்சியை மனதுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன். (சாம்பல்தீவிலிருந்து சைக்கிள் மிதித்து, வேர்த்து விறுவிறுத்து வருகிறவனுக்குக் குளிரூட்டிய அறையில் இருக்கும் ஆசை மற்றவர்களுக்கு விளங்காது.)

அந்தக் கந்தோரின் உயிர் ஒரு பழைய யுனிக்ஸ் சேர்வரில் இருந்தது. வாசலில் உள்ள தராசில் லொறி ஏறியதும் நிறையைப் பதிந்து, வெளியே போவதற்கான பாஸை அச்சடித்துக் கொடுப்பது அதன் வேலை. அதற்கான மென்பொருளை எழுதியவர் கனடாவுக்குப் போய்விட்டார். அதைப் புதிய மெசினுக்கு மாற்றும் துணிவு அவருக்குப் பிறகு வந்த எவருக்கும் இருக்கவில்லை. எல்லோரும் அந்த சேர்வரைப் 'பெரியவர்' என்றே அழைத்தார்கள். சரஸ்வதி பூசைக்குச் சந்தனப் பொட்டு வைப்பார்கள். காலையில் வந்ததும், "பெரியவர் எழும்பிட்டாரோ?" என்று விசாரித்த பிறகுதான் கதிரையில் உட்காருவார்கள்.

ஆனால் பெரியவரிடமிருந்து பின்னேர அறிக்கையை மற்றக் கணினிகளுக்கு இறக்குவதற்குள் இரண்டு பிளேன்ரீ குடித்து முடித்துவிடலாம். ஒருநாள் மனேஜர் தருமலிங்கம் சேர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, பெரியவருக்கு வேகமான நெட்வேர்க் காட் ஒண்டு போடேலாதோ? விலை குறைவாய் இருக்கவேணும்."

"ஒரு கிகாபிட் காட் போட்டால் பறக்கும் சேர்," என்றேன். கந்தோரில் அந்தச் சொல்லை முதன்முதலில் உச்சரித்தவன் நான்தான் என்பதில் எனக்குப் பெரிய பெருமை.

அடுத்த இரண்டு கிழமையும் எனக்கு முன்னால் அகப்பட்டவர்கள் பாவம். வாசலுக்குப் பொறுப்பான கிண்ணியா நசீர் நானாவுக்குக் கிகாபிட் என்றால் என்னவென்று மூன்று தடவை விளங்கப்படுத்தினேன். மூன்றாம் தடவை அவர், "தம்பி, லொறி பத்து நிமிசம் முந்திப் போகுமா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். பாஸ் எழுதும் பிரிவில் இருந்த வதனி எதுவும் கேட்கவில்லை. தினமும் கட்டைபறிச்சானிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற அவள், நான் பேசி முடிக்கும்வரை ஒரு கொட்டாவியை அடக்கிக்கொண்டு இருப்பாள். அதை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இணையத்தில் தேடினேன். எங்கே தேடத் தொடங்கினேன் என்பதுதான் முக்கியம்: விலையில். கொழும்பில் ஒருவர் சேர்வரிலிருந்து கழற்றிய பாவித்த காட் ஒன்றைக் கொள்ளை மலிவுக்குப் போட்டிருந்தார். வாங்கிவிட்டேன். பெரியவரின் மூடியை அதுவரை ஒருதரமும் திறந்து பார்க்கவில்லை.

காட் வந்த அன்று சேர் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம், தராசில் லொறி இல்லை. பத்து நிமிட வேலை என்று அறிவித்துவிட்டு, பெரியவரை நிறுத்தி மூடியைத் திறந்தேன். காட்டை ஸ்லொட்டில் வைத்து அழுத்தினேன். போகவில்லை. காட்டின் அடி விளிம்பில் ஒரு வெட்டு இருந்தது. ஸ்லொட்டில் குறுக்கே ஒரு தடுப்பு இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்ப் பக்கத்தில் இருந்தன.

"அளவு பிழையெண்டால் திருப்பிக் குடுங்கோவன்," என்றாள் வதனி.

"இது சட்டையில்லை வதனி, அளவு பாக்கிறதுக்கு," என்றேன். (இந்த வசனத்தை அவள் இன்றுவரை கிழமைக்கு ஒருதரமாவது எனக்குத் திருப்பிச் சொல்கிறாள்.)

நசீர் நானாவின் ஆயுதப் பெட்டியில் சுத்தியல், குறடுகளோடு ஓர் அரமும் இருந்தது. தடுப்பு இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, காட்டின் விளிம்பில் அதே இடத்தில் இன்னொரு வெட்டை அராவி எடுத்தேன். நான் அதுவரை செய்த வேலைகளிலேயே மிகத் துப்பரவான வேலை அது. இம்முறை காட் அச்சொட்டாக உள்ளே போய் உட்கார்ந்தது. வதனியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

'டப்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு மெல்லிய புகை. பிறகு, ஐந்து மாதமாக நான் ஒருநாளும் கேட்டிராத அமைதி.

"இன்னாலில்லாஹி!" என்றபடி ஓடி வந்தார் நசீர் நானா. "தம்பி, மவுத்தாகிட்டாரா?"

அந்தக் காட் குறைந்த வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது, ஸ்லொட்டோ கூடிய வோல்ட் கொடுப்பது. ஒன்றை மற்றதில் எந்த மடையனும் செருகிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தத் தடுப்பை வைத்திருந்தார்கள். என்னிடம் அரம் இருக்கும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

காட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் திரும்பவும் சுவிட்சைப் போட்டேன். பெரியவர் அசையவில்லை. வெளியே லொறிகள் சேரத் தொடங்கின. நிரந்தரக் கடிதம், கொழும்பு, குளிர் அறை எல்லாம் அந்தப் புகையோடு கடல் பக்கமாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, சாப்பாட்டு அறைக்குள் போய் அதை முடித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது வதனி பழைய பாஸ் புத்தகத்தைத் தேடியெடுத்து, கார்பன் தாள் வைத்து, தராசு முள்ளைப் பார்த்துப் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "லொறி நம்பரைச் சத்தமாய் வாசியுங்கோ," என்றாள். வாசித்தேன். இரண்டு மணித்தியாலம் வாசித்தேன். அந்த இரண்டு மணித்தியாலத்தில் அவள் ஒரு சொல்கூடக் குத்திக் காட்டவில்லை. எனக்கு அவளில் விருப்பம் வந்தது அப்போதுதான்.

பாஸுக்குக் காத்திருந்த சாரதிகள் ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்க வருவதுபோல ஒவ்வொருவராக உள்ளே வந்து பெரியவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆளுக்கொரு வைத்தியமும் சொன்னார்கள். தண்ணி குறைஞ்சிருக்கும் என்றார் ஒருவர். தோப்பூர்ச் சாரதி ஒருவர், "தம்பி, பிளக்கக் கழட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"அண்ணை, இது யுனிக்ஸ்," என்றேன், இருந்த கொஞ்ச மானத்தையும் திரட்டி.

அவர் சட்டைப் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து, பிளக்கைத் திறந்து, கருகிய பியூஸைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தேநீர்க் கேத்தலின் பிளக்கிலிருந்து ஒரு பியூஸைக் கழற்றிப் போட்டார். பெரியவர் இருமிக்கொண்டு எழும்பினார். கந்தோரே கைதட்டியது.

மாலையில் சேர் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கருகிய காட்டைக் கையில் வாங்கி, நான் அராவிய வெட்டைத் தடவிப் பார்த்தார்.

"வேலை நல்ல துப்பரவாய்த்தான் செய்திருக்கிறீர் தம்பி. ஆனால் இஞ்ச ஆசாரி வேலைக்கு இடம் காலியில்லை."

வேலை போகவில்லை. நிரந்தரக் கடிதம் மட்டும் மூன்று மாதம் பின்னால் போனது. அடுத்த காட்டைத் தேடும்போது வதனியையும் பக்கத்தில் இருக்கச் சொன்னார் சேர். அவள் மூடியைத் திறந்து ஸ்லொட்டைப் பார்த்தாள். பிறகு பெரியவரின் யுனிக்ஸுக்கு எந்தெந்தக் காட்களைத் தெரியும் என்ற பட்டியலை என்னிடம் கேட்டு வாங்கினாள். கடைசியாகத்தான் விலையைப் பார்த்தாள். இரண்டு வோல்ட்டுக்கும் ஒத்துப்போகிற, இரண்டு வெட்டு உள்ள பாவித்த காட் ஒன்று கிடைத்தது. நான் எரித்ததைவிட அது இன்னும் மலிவு.

போட்டோம். பெரியவர் ஏற்றுக்கொண்டார். அறிக்கையை இறக்கினோம். அதே இரண்டு பிளேன்ரீ நேரம் எடுத்தது.

வதனி வயரைப் பிடித்துக்கொண்டே போய், அலுமாரிக்கு மேல் தூசி பிடித்துக் கிடந்த பெட்டியில் நின்றாள். எல்லாக் கணினிகளையும் பெரியவரோடு இணைக்கும் பெட்டி அது. "இதில பத்து எண்டு போட்டிருக்கே, கிகாபிட் எண்டால் ஆயிரம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்றாள். இரண்டு கிழமை விரிவுரை நடத்திய நான் அந்த அலுமாரிக்கு மேலே ஒருதரமும் பார்த்ததில்லை.

மூன்று மாதம் கழித்துக் கடிதமும் கொழும்பு மாற்றமும் வந்தன. இங்கேயே இருக்கிறேன் என்றேன்.

"ஏன், பெரியவரை விட்டுப் போக மனமில்லையோ?" என்றார் சேர்.

"ஓம் சேர்," என்றேன், வதனி பக்கம் பார்க்காமல்.

எங்கள் கலியாண எழுத்தன்று, பதிவாளருக்கு முன்னால், மோதிரம் என் விரல் மொளியில் இறுகி நின்றுவிட்டது. வதனி தள்ளுகிறாள், நான் வேர்க்கிறேன், சபை பார்க்கிறது. பின்வரிசையிலிருந்து நசீர் நானாவின் குரல் வந்தது: "தம்பி, பயப்பிடாதீங்க! அரம் கொண்டு வந்திருக்கன்!" உண்மையாகவே கொண்டு வந்திருந்தார், பரிசுத் தாளில் சுற்றி. என்ன விசயம் என்று கேட்ட மாமியாருக்கு முழுக்கதையையும் அங்கேயே சொன்னார். மாமியார் இன்றுவரை அதை வளர்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்த அரம் எங்கள் குசினி லாச்சியில் கரண்டிகளோடு இருக்கிறது. போன கிழமை எங்கள் மகளின் கால் பள்ளிக்கூடச் சப்பாத்துக்குள் போகவில்லை. என்ன பிரச்சினை என்று கேட்டுக்கொண்டு நான் கிட்டப் போனதுதான் தாமதம், அவள் காலை இழுத்துக்கொண்டு குசினிப் பக்கம் கத்தினாள்:

"அம்மா! அரத்தை ஒளியுங்கோ! இறுக்கமெண்டு அப்பாவுக்குத் தெரிஞ்சிட்டுது!"