ஐந்நூற்றொன்றாவது சிமிழ்

ஒரு சோசலிச நாட்டின் பொருளாதாரச் சீர்திருத்தத்தை, மெல்பர்னின் ரோவில் புறநகரில் என் வீட்டுச் சோபாவில் படுத்தபடி, ஒற்றை விரலால் நிறுத்தி வைத்தவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போலிருக்கிறது. (நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பெயர் காதில் விழுந்தாலே மாமனாருக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது என்று மனைவி தடை போட்டிருக்கிறாள்.)

நான் தஞ்சாவூர்ப் பக்கம். மனைவி சுகந்தி யாழ்ப்பாணத்துக்காரி, மெல்பர்னில் வளர்ந்தவள். கல்யாணமாகி ஆறு வருடமாகியும் அவள் அப்பாவுக்கு நான் 'அந்த இந்தியாப் பெடியன்' மட்டும்தான். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆனால் வீட்டில் ஒரு பல்ப் மாற்ற வேண்டுமென்றால்கூட என்னைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்.

அப்போதுதான் மச்சினி சுபாவின் கல்யாணம் வந்தது. பக்கத்துப் புறநகரான டண்டினொங்கில் மண்டபம், ஐந்நூறு விருந்தாளிகள். வருகிறவர்களுக்குக் கொடுத்தனுப்பும் பரிசை யார் கவனிப்பது என்று பேச்சு எழுந்ததும் நான் எழுந்து நின்றேன். இனி நான் பெடியன் இல்லை, மருமகன் என்று காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று தோன்றியது.

"அத எங்கிட்ட விட்டுடுங்க மாமா. இம்போர்ட் எக்ஸ்போர்ட்தான என் தொழிலே."

(டண்டினொங் கிடங்கு ஒன்றில் வந்திறங்கும் பெட்டிகளில் ஸ்டிக்கர் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் தொழில்.)

இணையத்தில் தேடி ஒரு தொழிற்சாலையைப் பிடித்தேன். அரசாங்கத் தொழிற்சாலை. பல காலம் இராணுவச் சட்டைகளுக்குப் பித்தளைப் பொத்தான் செய்துகொண்டிருந்தார்கள். திடீரென்று அரசாங்கம், "இனி உங்கள் வாடிக்கையாளரை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டது. அவர்கள் கதவைத் திறந்து உலகத்தை எட்டிப் பார்த்தார்கள். பாவம், வாசலில் நான் நின்றேன்.

இயக்குநர் ஐம்பது வயதுப் பெண்மணி. வீடியோவில் பேசினார். அவருக்குப் பின்னால் சுவரில் தேசத் தலைவர் படம், அதன் கீழே 'வாடிக்கையாளரே மன்னர்' என்று புத்தம் புதுப் பலகை. மன்னரை விரட்டிவிட்டு ஆட்சி அமைத்த நாடு அது. மூடி வைத்த குங்குமச் சிமிழின் படத்தை நான் காட்டியதும், பொத்தானைவிடச் சுலபம் என்றார். இன்னொன்றையும் மூன்று முறை அழுத்திச் சொன்னார்.

"ஐந்நூறு நல்ல எண். ஐந்நூறோடு நிறுத்துங்கள்."

பெட்டியில் அடுக்க வசதியாக இருக்கும் போல, என்று நினைத்துக்கொண்டேன். காரணம் கேட்கவில்லை. இம்போர்ட்காரன் அல்லவா!

இது மாமனார் காதில் விழுந்தது. ஊரில் அரசாங்கக் கூப்பனுக்கு அரிசியும் சீனியும் அளந்த சங்கக்கடையில் மனேச்சராக இருந்தவர் அவர்.

"தம்பி, நான் சங்கக்கடையிலை இருந்தனான். கவுண்மேந்து ஒரு எண்ணைச் சொன்னால் அதுக்கு மேலை ஒரு சுண்டு அரிசியும் அசையாது. கவனமாச் செய்யுங்கோ."

"இப்ப எல்லாம் மார்க்கெட் மாமா. அந்தக் காலமில்ல."

அன்று சாயங்காலம் தொழிற்சாலையின் ஆர்டர் படிவத்தைப் போனில் திறந்தேன். எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஐந்நூறு என்று தட்டினேன். பார்த்தேன். மனசு கேட்கவில்லை. நல்ல காரியத்துக்கு மொட்டையாக ஐந்நூறா? எங்கள் வீட்டில் மொய் எழுதினாலும் நூற்றொன்று, கோயிலுக்குக் கொடுத்தாலும் ஐந்நூற்றொன்று. பூஜ்யத்தில் முடித்தால் உறவு அத்தோடு முடிந்துபோகும், ஒன்று சேர்த்தால் தொடரும் என்று கேட்டு வளர்ந்தவன். மச்சினி வாழ்க்கை தழைக்க வேண்டாமா? கடைசிப் பூஜ்யத்தை அழித்து ஒன்றைப் போட்டு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. பிறகு இயக்குநர் வீடியோவில் வந்தார். முகம் செத்திருந்தது.

அப்போதுதான் சீர்திருத்தம் என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. அந்த நாட்டில் டாலருக்கு இரண்டு விலை. அரசாங்க வங்கியில் ஒன்று, சந்தையில் அதைப்போல இரண்டு மடங்கு. ஐந்நூறு உருப்படி வரை தொழிற்சாலையே ஏற்றுமதி செய்யலாம், வரும் டாலரைத் தானே வைத்துச் சந்தையில் பித்தளை வாங்கலாம் என்பது புதுச் சலுகை. ஐந்நூறைத் தாண்டினால் பழைய சட்டம். கோப்பு தலைநகரத்துக்குப் போகும், டாலர் வங்கிக்குப் போகும், வங்கி விலைக்கு உள்ளூர்ப் பணம் கிடைக்கும். அந்தப் பணத்துக்குப் பாதிப் பித்தளைதான் வரும்.

"உங்களிடம் ஐந்நூறு என்றுதானே சொன்னேன்? அந்த ஒன்று எதற்கு?" என்று கேட்டார்.

அந்த ஒன்று எதற்கு என்று ஒரு கம்யூனிஸ்ட் அம்மாளுக்கு எப்படி விளக்குவது? "வாழ்த்து" என்று மொழிபெயர்ப்புச் செயலியில் தட்டினேன். அவர் அதை அப்படியே கோப்பில் எழுதிக்கொண்டார்.

சுகந்தி பக்கத்தில் வந்து நின்றாள். "இஞ்சேருங்கோ, ஒண்டைக் குறைக்கச் சொல்லி எழுதுங்கோவன்."

எழுதினேன். முடியாதாம். அந்த எண்ணிக்கை ஆண்டுத் திட்டத்தில் ஏறிவிட்டது. ஐந்நூற்றொன்று என்று ஏறியதை ஐந்நூறாகக் குறைத்தால் உற்பத்தி இலக்கைத் தவறவிட்ட குற்றம் தொழிற்சாலை மேல் வருமாம். கூட்ட வேண்டுமானால் கூட்டலாமாம். பொத்தான் பட்டறையில் இருபது பேர் பித்தளைக்காகச் சும்மா உட்கார்ந்திருப்பதை இயக்குநர் கேமராவைத் திருப்பிக் காட்டினார். ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். அந்தக் கையசைப்பைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. பிழைக்க ஒரு வழி பார்த்தவர்களை வாழ்த்தியே கெடுத்திருந்தேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கூரியர் வந்தது. எப்படியோ அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். மாமனார் வீட்டு முகவரிக்கே வரும்படி செய்திருந்தேன் (எல்லார் முன்னாலும் பிரிக்க வேண்டும் என்ற ஆசை). மொத்தக் குடும்பமும் கூடியது. பெட்டி கொஞ்சம் சின்னதாகத்தான் இருந்தது. கத்தரிக்கோலால் நறுக்கினேன். வைக்கோல் போல நிறையக் காகிதத் துண்டுகள், நடுவில் ஒரே ஒரு பித்தளைச் சிமிழ். கூடவே ஒரு சீட்டு. சுகந்தி அதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

'மாதிரிக்கு ஒன்று அனுப்ப யாருடைய அனுமதியும் தேவையில்லை. இது உங்கள் வாழ்த்து. மற்ற ஐந்நூறும் தலைநகரத்தின் முடிவுக்குப் பிறகு.'

மாமனார் சிமிழை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வடிவான சாமான்," என்றார். பிறகு கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு தனியாக டண்டினொங் கடைத்தெருவுக்குப் போனார். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீங்கள் கதிரையிலை இருங்கோ தம்பி," என்று நாற்காலியைக் காட்டினார். அவர் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

அந்த அவசரத்துக்கு ஒரே மாதிரி ஐந்நூறு கிடைத்தது தேத்தண்ணி வடி (டீ வடிகட்டி) மட்டும்தான். மணவறையில் தேவதை போல நின்ற சுபாவை வாழ்த்திவிட்டு, பட்டுச் சேலைக்காரர்கள் ஆளுக்கொரு வடியோடு போனார்கள். வாசலில் நின்று கொடுத்தவன் நான். மெல்பர்னில் இன்றும் பல குசினிகளில் தேநீர் வடிக்கும்போதெல்லாம் என் பேச்சு வருவதாகக் கேள்வி.

மற்ற ஐந்நூறும் இதுவரை வரவில்லை. போன வருடம் அந்த நாட்டில் டாலரின் இரண்டு விலையையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இயக்குநருக்கு வாழ்த்து அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். 'வாழ்த்து' என்று தட்டியதுமே பயம் வந்து அழித்துவிட்டேன்.

சிமிழ் மாமனார் வீட்டுச் சாமி அறையில் இருக்கிறது. தீபாவளிக்கு எல்லோருக்கும் அவர் உறை கொடுப்பார். சுபாவின் கணவனுக்கு நூற்றொன்று, சுகந்திக்கு நூற்றொன்று, தவழும் பேரனுக்குக்கூட நூற்றொன்று. என் முறை வந்ததும் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். அவர் என் உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஒரு டாலர் நாணயத்தை என் கண் முன்னாலேயே எடுத்துச் சிமிழுக்குள் போட்டு மூடுவார். பிறகு மொட்டையாக நூறை என் கையில் தருவார்.

"குறை நினையாதேங்கோ தம்பி. இந்த ஒண்டுக்குத் தலைநகரத்திலையிருந்து இன்னும் அனுமதி வரேல்லை."