அப்பா சொல்லாத நிலா

பகலில் கனவு காண்பவர்களை ஊர் மன்னித்துவிடும், கல்லூரி மன்னிக்காது. நான் மூன்று வருடப் படிப்பையும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கி முடித்தவள்.

அப்படித் தூங்கிய ஒரு வகுப்பில்தான் அந்த வேலையைக் கொடுத்தார்கள். ஆளுக்கொரு விவசாயியைப் பேட்டி எடுத்து எழுத வேண்டும். சொந்தமாக எழுதாதவர்களைப் பரீட்சை எழுத விடமாட்டேன் என்றார் தமிழ்ப் பேராசிரியை. (சென்னைக்காரர். சொன்னால் செய்வார்.) எனக்கென்ன கவலை? விராலிமலைப் பக்கம் கடலை போடுகிற அப்பா வீட்டிலேயே இருந்தார்.

இருந்தார், ஆனால் பேசமாட்டார்.

"அப்பா, விவசாயம்னா ஒங்களுக்கு என்ன?"

"ம்?" என்று வெகுநேரம் யோசித்தார். "அங்கிட்டு மோட்டாரு ஓடுது பாரு. நிறுத்திட்டு வா."

பேட்டி முடிந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு முந்திரி மரத்தடியில் படுத்தேன். மேலே ஒரு வெள்ளை மேகம் போக மனமில்லாமல் நின்றது. அதைப் பார்த்தபடியே போனில் ஏஐயிடம், "ஒரு விவசாயி மனம் திறந்து பேசுவதுபோல் எழுதிக் கொடு" என்றேன். கொட்டியது பாருங்கள்! படிக்கப் படிக்கக் கண் சொக்கி, பாதியிலேயே தூங்கிப்போனேன். எழுந்ததும் மீதியைப் படிக்காமல் அப்படியே அனுப்பிவிட்டேன்.

பேராசிரியை உருகிவிட்டார். ஆண்டு விழா மேடைக்கே அப்பாவை அழைத்துவிட்டார். எதற்கு என்று அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சலவை வேட்டியில் அப்பாவும் பட்டுப்புடவையில் அம்மாவும் வந்து இறங்கினார்கள்.

பேராசிரியை மைக்கில் வாசித்தார். "அந்திப் பொழுதில் என் வயலோரம் ஓடும் ஆற்றோடு பேசுவேன்..."

எங்கள் ஊரில் ஆறா! கண்மாயே ஐப்பசி மழைக்குத்தான் நனையும்.

"களைத்து வீடு திரும்பும்போது என் மனைவியின் முகம் நிலவாகத் தெரியும்."

அரங்கம் விசிலடித்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஐயா, இதெல்லாம் நீங்க சொன்னதுதானே?" என்று பேராசிரியை மைக்கை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஜன்னலுக்கு வெளியே ஆகாயத்தைப் பார்த்தார், கனவு காண்கிற என்னைப் போலவே.

"ஆமாங்க."

"உங்க வயல் பக்கம் எந்த ஆறு ஓடுது?"

"அது கனவுல வர்ற ஆறுங்க" என்றார். கொஞ்சம் நின்று, "நெலா... அதுவும் நாஞ் சொன்னதுதாங்க."

கைதட்டல் அடங்கவே இல்லை. அப்பாவின் காது சிவந்து அன்றுதான் பார்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அப்பா "ம்" என்றார். அம்மா சிரித்தாள்.

"இவரு சொல்லலைன்னு எனக்குத் தெரியாதாடி? பொண்ணு பாக்க வந்தப்பவே ஒரு ‘ம்’ போட்டுட்டுப் போன மனுசன். ஆனா அத்தன பேரு முன்னால ஆமாங்கன்னது இவருதான?"

சொல்லிவிட்டு ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

இப்போதும் சாப்பாட்டு நேரத்தில் அப்பா பேசாமல் தட்டை நீட்டினால் அம்மா கரண்டியோடு நின்றுவிடுவாள். "காலேஜ்ல பேசுனாரே, அந்த மனுசன வரச்சொல்லுங்க. மீன் கொழம்பு அவருக்குத்தான்."

போன மாதம் ஒரு காலையில் அப்பா என்னைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டார். அம்மா அடுப்படியில் இருக்கிறாளா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"தாயி, நாளைக்கு எங்க கல்யாண நாளு. ஒம் போனுகிட்ட கொஞ்சம் கேளேன்... நெலாவுக்கு மேல என்ன இருக்குன்னு."