பின்சீட்டில் ஓர் ஆள்

அந்த ஐரோப்பிய வண்டிக்குப் பத்திரிகை நான்கு நட்சத்திரம் கொடுத்திருந்தது. பக்கத்தைத் திருப்பினால் அதே வண்டிக்கு முழுப்பக்க விளம்பரம். ஆம்ப்ரோஸ் ஒரு நட்சத்திரத்தைக் கழித்தான்.

ஆறு பத்திரிகை, பதினான்கு மாடல், இரண்டு வாரம். கழித்துக் கழித்துக் கடைசியில் ஒரே ஒரு வண்டி மிஞ்சியது. அது சிங்கப்பூரில் விற்பனைக்கு இல்லை.

கார் அவனுக்கு அவசரம். மனைவி இறந்து இரண்டு வருடம். மூன்று வயது மகள் புக்கிட் பாத்தோக்கில் மாமியார் அல்போன்சம்மாளிடம் வளர்கிறாள். சனி, ஞாயிறுகளில் புக்கிட் மேராவில் இருக்கும் தன் வீட்டுக்கு அவளை அழைத்து வருவான். போன மாதம் அவனுடைய பழைய கார், மகள் உள்ளே இருக்கும்போதே, கொட்டும் மழையில் நடுரோட்டில் நின்றுவிட்டது. நம்பிக்கையான வண்டி வாங்கும்வரை பிள்ளையை அனுப்ப முடியாது என்று மாமியார் சொல்லிவிட்டார்.

நட்சத்திரக் கணக்கை அவரிடம் விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"புத்தகத்தப் பாத்தா ஒண்ணும் தெரியாது மாப்பிள்ளை. நேர்ல போய்ப் பாருங்க. கோயில்ல நாலு பேர்கிட்ட சொல்லி வைக்கிறேன்."

அடுத்த ஞாயிறு ஓஃபிர் ரோடு மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அங்கே வழக்கமாக வரும் ஜார்ஜ் தானாகவே வந்து தோளில் கை போட்டார். வண்டியை விற்கிறீர்களா என்று ஆம்ப்ரோஸ் கேட்டான்.

"அதெல்லாம் அப்புறம் லா. மொதல்ல ஏறுங்க."

ஆம்ப்ரோஸ் மதிப்பெண் தாளோடு ஏறினான். எஞ்சின், பிரேக், கியர், சத்தம். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் பத்து. பின்சீட்டில் ஜார்ஜின் தங்கை இருந்தார். அவரைச் செராங்கூன் ரோட்டில் இறக்கிவிட வேண்டுமாம். செராங்கூன் ரோடு வந்தது, போனது. யாரும் இறங்கவில்லை.

அதைக் குறித்துக்கொண்டான்.

மறுவாரம் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் தன் காரில் அழைத்துப் போனார். பின்சீட்டில் அவருடைய மைத்துனி.

இப்போது ஆம்ப்ரோஸுக்குப் பிடிபட்டது. பின்பக்க ஸ்பிரிங் போயிருந்தால் காலி வண்டிதான் கடகடக்கும். ஆளை உட்கார வைத்தால் சத்தம் அமுங்கிவிடும். வண்டியை நிறுத்தச் சொன்னான். அந்தப் பெண்ணைக் கொஞ்சம் இறங்கி நிற்கச் சொன்னான். இரண்டு தெரு சுற்றிவிட்டு வந்தார்கள். கடகட சத்தம் இல்லை. பெண்ணும் இல்லை. பஸ் பிடித்துப் போயிருந்தார்.

துறைமுகக்காரர் பஸ் போன திசையையே திரும்பத் திரும்பப் பார்த்தார். 'உரிமையாளரிடம் பதற்றம்' என்று எழுதி ஒரு மதிப்பெண் குறைத்தான்.

பெண்ணை நடுத்தெருவில் இறக்கிவிட்ட செய்தி ஜார்ஜுக்கு எட்டியது. இனிமேல் தன் கார் பக்கமே வர வேண்டாம் என்று போனில் சொன்னார். ஆம்ப்ரோஸ் ஜார்ஜின் வண்டிக்கு மூன்று மதிப்பெண் கழித்தான். குட்டு வெளிப்பட்டவன்தான் இப்படிக் கோபப்படுவான்.

மூன்றாவது வண்டி, அதே கோயிலுக்கு வரும் பெர்னார்டுடையது. பின்சீட்டில் அவர் தங்கை; பெயர் பெட்டி, பள்ளிக்கூட ஆசிரியை. இந்த முறை யாரையும் இறக்கிவிடுவதில்லை என்று ஆம்ப்ரோஸ் முடிவு செய்திருந்தான். பின்சீட்டு ஆளின் எடைக்குத் தாளில் ஒரு கட்டம் போட்டிருந்தான்; கணக்கில் சரிசெய்துகொண்டால் போதும். பின்னால் திரும்பினான்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க எடை எவ்வளவு?"

பெர்னார்ட் சடாரென்று பிரேக் போட்டார். அந்தப் பிரேக்குக்கு ஒன்பது கொடுத்தான்.

"எதுக்கு?" என்றாள் பெட்டி.

"ஸ்பிரிங் கணக்குக்கு."

அவள் எடையைச் சொல்லவில்லை. பதிலுக்கு அவள் கேட்க ஆரம்பித்தாள். சிகரெட் உண்டா, சமைக்கத் தெரியுமா என்று கேட்டாள். இவள் ஏதோ கார்க் கம்பெனியின் ஆளாக இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அளந்து பேசினான். சிகரெட் இல்லை. சோறும் பருப்பும் வைப்பேன்.

"பிள்ளைக்குக் காய்ச்சல்னா யார் பாத்துக்குறா?"

"இப்ப எங்க அத்தை. கார் வந்துட்டா நான்."

அதன்பின் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாளில் எடைக் கட்டம் மட்டும் காலியாக நின்றது.

அடுத்த வாரம் தாளை எடுத்துக்கொண்டு புக்கிட் பாத்தோக் போனான். பெர்னார்டின் வண்டிக்கு எட்டரை. அதுதான் முதலிடம். ஆனாலும் மனதில் உறுத்தியதை மாமியாரிடம் சொன்னான்.

"எல்லா வண்டியிலயும் பின்னால ஒரு ஆள உக்கார வைக்கிறாங்க. எதையோ மறைக்கிறாங்க அத்தை."

அல்போன்சம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை ஒரு வரி விடாமல் படித்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் இறந்துபோன மகளின் படம் இருந்தது. படித்து முடித்ததும் ஒருமுறை அதை நிமிர்ந்து பார்த்தார்.

"சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க."

"பெர்னார்ட் இன்னும் விலையே சொல்லலையே."

"அவர் எங்க விக்கிறாரு? யாருமே கார விக்கல மாப்பிள்ளை. நான் கோயில்ல சொல்லி வச்சது காருக்கு இல்ல." அவர் பேனாவை அவனிடம் நீட்டிக் காலிக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "இதை நிரப்பிக்குங்க. ஐம்பத்திரண்டு கிலோ. பெட்டி போன் பண்ணி, உங்ககிட்ட சொல்லச் சொன்னா."