பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ‘நன்று’

ஆலையின் வேகம் பூஜ்யம். நீராவி அழுத்தம் பூஜ்யம். காகிதச் சுருளின் எடை பூஜ்யம். திரை முழுக்கப் பூஜ்யங்களாக இருந்தன.

“டார்லீன்! காலங்காத்தால ஆலையோட இணைப்பு செத்துப்போச்சு!” என்று கத்தினார் ஹார்லன் கொஸ்கெலா.

டுலூத் நகர அலுவலகத்தை அவரோடு சேர்ந்து நடத்திவரும் டார்லீன், கையில் ஏலக்காய் ரொட்டித் தட்டோடு எட்டிப்பார்த்தார். “ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் பக்கத்துல, இணைப்பு சரியா இருந்தா வர்ற ‘நன்று’ பச்சையா போட்டிருக்கே சார்?”

“பொய்யும் சொல்லிட்டுக் கையெழுத்தும் போடுது பாரு. தாத்தா கட்டின ஆலை, அது எப்படி நிக்கும்?”

மதியம் செய்தித்தாள் நிறுவனத்தார் இருவர் வருகிறார்கள். ஆலைக்கு மிஞ்சிய ஒரே வாடிக்கையாளர்கள் அவர்கள்தான். வடக்கே ஏரிக்கரையில் இயந்திரம் ஓடுவதை இந்தத் திரையிலேயே காட்டினால், இன்னும் ஓராண்டுக்குக் காகிதம் எடுப்பார்கள்.

ஆலையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ராய்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கோடையில் ராய்ஸ், “போதும்ணே, மூடிடலாம்” என்றதற்கு, “வாசல்ல நம்ம பேர் இருக்கிற வரைக்கும் அது நிக்காது” என்று ஹார்லன் எழுந்து போனவர்தான். அன்றிலிருந்து பேச்சில்லை. காலையில் திரையில் எண்கள் ஏறும். தம்பி வேலைக்கு வந்துவிட்டான் என்று இவர் காபியை எடுப்பார். அவ்வளவுதான் உறவு.

முதலில் தன் கணினியின் பாதுகாப்புத் தடுப்பை அணைத்தார். பூஜ்யம் அசையவில்லை. விண்டோஸின் அனுமதிப் பட்டியலைத் திறந்து, இருந்த குறிகளை எடுத்து, இல்லாத இடங்களில் போட்டார். பூஜ்யங்கள் மறைந்து ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வந்தது.

“முன்னேற்றம்!” என்றார்.

“முன்னாடி பூஜ்யமாவது இருந்துச்சு” என்றார் டார்லீன்.

அடுத்து கடவுச்சொல்லின் மேல் சந்தேகம் வந்தது. இரண்டு ஊர்க் கணினிகளிலும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் இருந்தால்தான் அவை ஒன்றோடொன்று பேசும். சிறுவயதில் அண்ணனும் தம்பியும் வளர்த்த நாயின் பெயரைத்தான் இரண்டு பக்கமும் வைத்திருந்தார்கள். முஸ்தி. ஹார்லன் அதை அழித்து, தன் பக்கத்தில் மட்டும் ‘கொஸ்கெலா’ என்று கம்பீரமாக மாற்றினார்.

‘இந்தப் பயனர் யாரென்று தெரியவில்லை’ என்றது ஆலை.

“என்னையா தெரியலைங்குது? என்னையா?”

“பழையபடி நாய் பேரையே போடுங்க சார்.”

“போட்டதை மாத்துற வழக்கம் எங்க குடும்பத்துல இல்லை. அந்தப் பக்கம் மாத்தட்டும்.”

“அப்ப தம்பியைக் கூப்பிடுங்க.”

“தம்பியா? அவனா கூப்பிடட்டும்.”

மதியம் வாசலில் கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. ஹார்லன் கழுத்துப்பட்டையை இறுக்கிக்கொண்டார். வந்தவர்கள் ரொட்டியை எடுத்துக்கொண்டு வெறும் திரையைப் பார்த்தார்கள்.

“இயந்திரம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு” என்றார் ஹார்லன், நெஞ்சை நிமிர்த்தி. “இணைப்புலதான் சின்னக் கோளாறு. எங்க ஆலை வெள்ளத்துலகூட நின்னதில்லை.”

பிறகு டார்லீனின் காதருகே குனிந்தார். “ஆலை கேட்டுல லெஸ்டர் இருப்பான். அவனை விட்டு ராய்ஸ்கிட்ட கடவுச்சொல்லை மாத்தச் சொல்லு. நான் கேட்டேன்னு சொல்லாதே.”

டார்லீன் ஆலைக் காவலாளியை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். “லெஸ்டர், காலையிலேர்ந்து இங்க எல்லாம் பூஜ்யமா காட்டுச்சு, இப்ப அதுவும் இல்லை. இணைப்பு அறுந்துபோச்சுன்னு ராய்ஸ்கிட்ட சொல்றியா?”

மறுமுனையில் லெஸ்டரின் குரல் உயர்ந்தது.

“இணைப்பு அறுந்துச்சுன்னா நினைச்சீங்க? அடக்கடவுளே... மெஷினை விடியக்காலைல ராய்ஸே தன் கையால நிறுத்திட்டு, ‘அண்ணன்கிட்ட இதை வாயால சொல்ல எனக்குத் தெம்பில்லை, திரையைப் பார்த்தா அவரே கூப்பிடுவார்’னு அப்பத்திலேர்ந்து போன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்காரும்மா.”